பீச் கலர்

அக்கா வீட்டு பாத்ரூமில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. ஒரு காலத்தில் அதில் சோப்பு டப்பா, சீயக்காய்ப் பொடி, அத்தானின் ஷேவிங் பிரஷ், காலியான பிறகும் யாரும் தூக்கிப் போடாத ஒரு பல்பொடி டப்பா ஆகியவை குடியிருந்தன. போன மாதம் மடிப்பாக்கம் போனபோது பார்த்தால் பழைய குடித்தனக்காரர்கள் எல்லோரும் காலி. பாடி வாஷ், ஸ்க்ரப், லோஷன், லிப் பாம், ஃபேஸ் மிஸ்ட், ப்ளஷ், நெயில் பாலிஷ்... எண்ணினேன், பதினொன்று. எல்லாம் ஒரே நிறம். ஆரஞ்சுச் சாற்றில் பாலை ஊற்றினால் வருமே (திரிந்து போகும் என்பது வேறு விஷயம்), அந்த நிறம். கொடியில் தொங்கிய துண்டுகூட அதே.

"என்னம்மா இது, எல்லாத்துக்கும் யூனிஃபார்மா?"

"பீச் கலர் மாமா. சாஃப்ட் பீச் ரொட்டீன்" என்றாள் அக்கா பெண். ஐ.டி. கம்பெனி உத்தியோகம். தையில் கல்யாணம்.

"பீச்சா? மெரினா மண்ணு மாதிரியா?" என்று சமையலறையிலிருந்து அக்கா குரல் வந்தது.

பெண் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு என்னை உட்காரவைத்து விளக்கினாள். காலையில் குளிப்பதிலிருந்து ராத்திரி படுக்கும்வரை தொடும் எல்லாமே ஒரே மெல்லிய நிறக் குடும்பத்தில், ஒரே வாசனையில் இருக்க வேண்டுமாம். தேய், கழுவு, பூசு, கன்னத்தில் தொடு, உதட்டில் தொடு, நகத்தில் தொடு. முடித்தால் உடம்பே ஒரு பழம் மாதிரி மிருதுவாக, உள்ளிருந்து விளக்குப் போட்ட மாதிரி இருக்குமாம்.

நான் சிரித்திருக்க வேண்டும். "சினிமாவுக்கு விமரிசனம் எழுதறீங்க, யாரும் படிக்காத கவிதைப் புஸ்தகத்துக்கு எழுதறீங்க. இதுக்கும் எழுதுங்களேன். பாக்காமலே சிரிச்சா எப்படி?" என்றாள்.

நியாயமான கேள்வி. பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். ஒரு வாரம் அந்த பாடி வாஷில் நானே குளித்தேன். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு லேபிள்களைப் படித்தேன். இனி விமரிசனம்.

முதலில் கதாநாயகன், அதாவது பழம். பீச்சுக்குத் தமிழில் குழிப்பேரி என்று பெயர் இருக்கிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விளைகிறது. தாவரவியல் பெயரில் 'பெர்சிகா' என்று வருவதால் பாரசீகத்துப் பழம் என்று தோன்றும். அது ஐரோப்பியர்கள் செய்த தப்பு. அவர்களுக்கு அந்த வழியாக வந்தது, அவ்வளவே. சொந்த ஊர் சீனா. சீனர்களின் ஆகப் பழைய கவிதைத் தொகுப்பிலேயே மணப்பெண்ணைப் பூத்த பீச் மரத்தோடு ஒப்பிடுகிறார்கள். இங்கிலீஷிலும் 'பீச்சஸ் அண்ட் க்ரீம்' என்று ஒரு மேனி நிறத்தையே சொல்வதுண்டு. ஆக, இந்த உவமைக்கு இரண்டு சொந்த ஊர்கள். இரண்டிலும் மடிப்பாக்கம் இல்லை.

பாட்டிலில் அந்தப் பழம் எங்கே இருக்கிறது? இந்தியாவில் 2020-ம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, ஒரு சதவிகிதத்துக்கு மேல் உள்ள சரக்குகளை எடை வரிசையில், அதிகமானது முதலில் என்று எழுத வேண்டும். அதற்கும் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம். இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டால் போதும், பாதி விளம்பரம் கரைந்துவிடும். நான் பார்த்த பாட்டிலில் முதலில் தண்ணீர். அப்புறம் நுரைக்கிற சரக்குகள். அப்புறம் கிளிசரின், உப்பு, வாசனை. பழச்சாறு கடைசி வரியில், நிறமிகளுக்குப் பக்கத்தில், கல்யாணத்தில் பந்தி முடிந்த பிறகு வந்த உறவுக்காரர் மாதிரி ஓரமாக நின்றுகொண்டிருந்தது.

பின்னே வாசனை? அது சுவாரஸ்யமான விஷயம். பீச் வாசனைக்குக் காரணம் காமா-அன்டெகாலாக்டோன் என்கிற ரசாயனம். வாசனைத் திரவியக்காரர்கள் இதை 'ஆல்டிஹைடு சி-14' என்பார்கள். விசேஷம், இது ஆல்டிஹைடே கிடையாது; லாக்டோன். கார்பன் எண்ணிக்கையும் பதினாலு இல்லை, பதினொன்று. பெயரில் இரண்டு பொய் வைத்துக்கொண்டு நூறு வருஷத்துக்கு மேலாக ஓடுகிறது. 1919-ல் பாரிஸில் கெர்லான் கம்பெனி 'மித்சூகோ' என்ற சென்ட்டில் இதைப் போட்டுப் பெரிய பெயர் வாங்கியது. ஆகவே பாட்டிலில் பழம் இல்லை என்று கோபிக்க வேண்டாம். வாசனை ஒரு கலை. அந்தக் கலைக்குப் பழம் தேவையில்லை.

குளித்ததில் குறை ஒன்றும் இல்லை. சாதாரண சோப்பைப்போல் தோலை வறட்டவில்லை. லோஷனில் கிளிசரினும் மினரல் ஆயிலும் இருந்தன. இரண்டும் தண்ணீரைத் தோலில் தங்கவைக்கும், நல்ல பண்டங்கள். ஆனால் அவை வெள்ளையாக இருந்தாலும் பச்சையாக இருந்தாலும் அதே வேலையைத்தான் செய்யும். பாட்டிலின் நிறம் குழாய்த் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடுகிறது. தோலுக்குப் போவதில்லை. முதல் பாதிக்கு மார்க் போடச் சொன்னால், 'படம் சுமார், பாட்டு நல்லாயிருக்கு' என்பேன்.

இரண்டாம் பாதி மேக்கப். இங்கேதான் பெண் தோற்றுப்போனாள். தப்பு அவளுடையதல்ல.

அவள் எங்கள் குடும்ப நிறம். மாநிறம் என்று பெண் பார்க்க வருகிறவர்களிடம் சொல்வோம். எங்களுக்குள் கறுப்பு என்போம். அவள் கன்னத்தில் அந்த ப்ளஷ்ஷை இழுத்ததும், டப்பாவில் இளஞ்சிவப்பாக இருந்தது கன்னத்தில் சாம்பலாக இறங்கியது. விபூதியை அழித்த தடம் மாதிரி. இன்னும் கொஞ்சம் போட்டாள். இன்னும் கொஞ்சம் சாம்பல்.

காரணம் எளிது. எந்த நிறத்தையும் 'சாஃப்ட்' ஆக்க வேண்டுமானால் அதில் வெள்ளை கலக்க வேண்டும். மேக்கப்பில் அந்த வெள்ளை பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்ஸைடு. சுவருக்கு அடிக்கிற பெயின்ட்டிலும் இதுதான். வெளுத்த தோலில் இந்த வெள்ளை தெரியாது, மேலே உள்ள ஆரஞ்சு மட்டும் தெரியும். நம் தோலில் முதலில் வெள்ளைதான் தெரியும். ஆக, மெல்லிய பீச் என்பது எல்லோருக்கும் மெல்லியதல்ல. சிலருக்கு அது சுண்ணாம்பு.

நேர்மையாகச் சொல்ல வேண்டும், பீச் ஒரு இடத்தில் வேலை செய்தது. கண்ணுக்குக் கீழே. கருவளையம் பெரும்பாலும் நீலம் கலந்த கறுப்பு. நீலத்துக்கு எதிர் நிறம் ஆரஞ்சு. ஒன்றின் மேல் ஒன்று பூசினால் இரண்டும் அடங்கிவிடும். இதற்காகத்தான் 'கரெக்டர்' என்று பீச் நிறத்தில் விற்கிறார்கள். வெளுத்த தோலுக்கு பீச், நம் நிறத்துக்கு இன்னும் அழுத்தமான ஆரஞ்சு. பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டருக்குத் தெரிந்த சங்கதி. விலைதான் டிராயிங் மாஸ்டரின் சம்பளத்தை நினைவுபடுத்துகிறது.

டிராயிங் என்றதும் கிரேயான் ஞாபகம். 'ஸ்கின் கலர் குடு' என்று நாம் எல்லோரும் பெஞ்சில் பக்கத்துப் பையனிடம் கேட்டிருக்கிறோம். அவனும் யோசிக்காமல் இந்த பீச் குச்சியைத்தான் கொடுத்திருப்பான். கேட்ட கை கறுப்பு, கொடுத்த கை கறுப்பு, அப்பா அம்மா படத்துக்கு மட்டும் பீச். இது எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவில் கிரேயோலா கம்பெனி இந்த நிறத்துக்கு வைத்திருந்த பெயரே 'ஃப்ளெஷ்', அதாவது சதை. அங்கே கறுப்பர்களின் உரிமைப் போராட்டம் சூடுபிடித்திருந்த 1962-ல் பெயரை மாற்றினார்கள். புதுப் பெயர்தான் 'பீச்'. குச்சி அதே குச்சி. இன்றைக்கு அக்கா பெண்ணின் அலமாரியில் பதினொரு பாட்டிலிலும் இருப்பது அந்தக் குச்சி.

பெயர் மாற்றுவதில் நாமும் சளைத்தவர்கள் அல்ல. 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. அதற்கு முன்பே 2014-ல், கறுப்பானவர்களைச் சோகமானவர்களாக, வேலை கிடைக்காதவர்களாக, கல்யாணம் ஆகாதவர்களாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் துறையின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பு விதி போட்டது. விளைவு, 'சிவப்பழகு' போய் 'பொலிவு' வந்தது. 'ஃபேர்னஸ்' போய் 'க்ளோ', 'ப்ரைட்', 'ரேடியன்ஸ்' வந்தன. நிறக் கம்பெனியான பான்டோன் 2024-க்கான நிறமாகத் தேர்ந்தெடுத்ததும் 'பீச் ஃபஸ்', பீச்சின் மெல்லிய ரோமம். வார்த்தைகள் மிருதுவாகிக்கொண்டே போகின்றன. மிருதுவான வார்த்தையோடு சண்டை போடுவது கஷ்டம். 'நீ சிவப்பாக வேண்டும்' என்று சொன்னால் இன்றைய பெண் பதிலுக்கு நாலு கேட்பாள். 'நீ மென்மையாக ஒளிர வேண்டும்' என்றால் என்ன கேட்பது?

சரி, மனித முகத்தில் பீச் நிறம் எதனால் வருகிறது? தோலின் மேலடுக்கில் மெலனின் என்ற நிறமி. கீழே ரத்தக் குழாய்கள். மெலனின் குறைவாக இருந்தால் கீழே ஓடும் ரத்தம் மங்கலாக வெளியே தெரியும். அதுதான் அவர்களுடைய பீச். நம் முகத்தில் மெலனின் திரை கொஞ்சம் கெட்டி, ரத்தம் தெரியாது. வெயிலடிக்கிற ஊரில் இயற்கை போட்டுக்கொடுத்த திரை. அப்படியிருக்க, நம் கன்னம் பீச் ஆவதற்கு இரண்டே வழி. ஒன்று, மேலே வர்ணம் பூசுவது. ராத்திரி கழுவினால் போய்விடும், யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டாவது, திரையைக் கிழிப்பது.

இதை எழுத உட்கார்ந்தபோது இரண்டாவது வழியைப் பற்றி எனக்குத் தெரிந்தது பேப்பர் செய்தி மட்டும்தான். நாலாம் நாள் அந்த அலமாரியில் லிப் பாமுக்குப் பின்னால் பன்னிரண்டாவது அயிட்டத்தைப் பார்த்தேன். பீச் கலர் இல்லை. விரல் நீளத்தில் ஒரு வெள்ளை ட்யூப். அட்டைப் பெட்டி இல்லை. பூதக்கண்ணாடியைப் பிடித்தேன். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டாசோன்.

"இது என்னம்மா?"

"அது நைட் கிரீம் மாமா. ஃப்ரெண்ட் சொன்னா. மெடிக்கல் ஷாப்ல கேட்டாலே குடுக்கறாங்க. ரெண்டு வாரத்துல பாருங்க, எப்படி பீச்சா ஆயிட்டேன்!"

உண்மைதான். ஆகியிருந்தாள். அதுதான் பயம்.

அது அழகு கிரீமே அல்ல, மருந்து. முகத்தில் வரும் மங்குக்கு டாக்டர்கள் அளவாக, சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தருவது. அதில் உள்ள மொமெட்டாசோன் ஒரு ஸ்டீராய்டு. நிறத்தை வெளுக்க வைக்கும். தொடர்ந்து போட்டால் தோலை மெல்லிசாக்கும். மெல்லிசான தோல் வழியாக ரத்தக் குழாய் தெரியும், கன்னம் சிவக்கும், கண்ணாடியில் பார்க்க 'க்ளோ' மாதிரியே இருக்கும். பிறகு பரு, வேண்டாத இடத்தில் ரோமம், வெயில் பட்டால் எரிச்சல். பயந்து நிறுத்தினால் முகம் இன்னும் சிவந்து எரியும், அந்த எரிச்சல் தாங்காமல் மறுபடி அதையே போடுவார்கள். இந்த முகத்துக்கு நம் நாட்டுத் தோல் டாக்டர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்: 'ஸ்டீராய்டால் சேதமான முகம்'. 2018-ல் மத்திய அரசு பூசுகிற ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. பட்டியல் பட்டியலாக இருக்கிறது. ட்யூப் அலமாரியில் இருக்கிறது.

இன்னொரு ரகம், பெயரும் விலாசமும் சரியாக இல்லாத வெளுப்பு கிரீம்கள். இவற்றில் பாதரசம். கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை, சிறுநீரக வடிகட்டி பழுதாகிப் புரதம் ஒழுகிய 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு அபூர்வமான ஒரு வகை. அந்தப் பதினைந்தில் 13 பேர் வெளுப்பு கிரீம் பூசியவர்கள். முகத்தில் பூசியது கிட்னியில் போய் உட்கார்ந்திருக்கிறது. நம் விதிப்படி கண்ணுக்குப் போடுகிற மை வகைகளைத் தவிர மற்ற அழகுப் பொருள்களில், தவிர்க்க முடியாமல் கலந்ததாக இருந்தாலும், பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. விதியைப் படிக்காதவர்கள் செய்கிற கிரீமில் எவ்வளவு இருக்கும் என்று லேபிளைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. லேபிளும் அவர்களே எழுதியது.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த பதினொரு பீச் பாட்டில்களில் எதிலும் ஸ்டீராய்டு இல்லை, பாதரசம் இல்லை. அவை சாதுவானவை. ஆனால் பன்னிரண்டாவதற்கு இடம் பிடித்து வைத்தது அந்தப் பதினொன்றுதான் என்பது என் விமரிசனம். 'ரொட்டீன்' என்று ஒரே கயிற்றில் கட்டும்போது பூச்சும் பராமரிப்பும் ஒன்று என்று ஆகிவிடுகிறது. பூச்சுக்கு நிறம் உண்டு. உதட்டில் நீலம் போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. பராமரிப்புக்கு ஏது நிறம்? சுத்தம், ஈரப்பசை, வெயிலிலிருந்து பாதுகாப்பு. மூன்றுக்கும் நிறம் கிடையாது. பராமரிப்பே ஒரு நிறத்தில் வந்தால், தினம் பூசியும் அந்த நிறம் வரவில்லையே என்று ஒரு நாள் தோன்றும். அன்றைக்கு அந்த வெள்ளை ட்யூபை யாராவது சிபாரிசு செய்வார்கள்.

பழைய காலம் உசத்தி என்று சொல்ல வரவில்லை. எங்கள் பாட்டி பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் தேய்க்கும்போது, 'நன்னாத் தேச்சுக்கோடி, கலர் வரும்' என்றுதான் அக்காவிடம் சொன்னாள். மாசமாக இருந்தவளுக்குக் குங்குமப்பூ பாலும் அதே காரணத்துக்குத்தான் வந்தது. வெளுப்பு ஆசையை எந்தக் கம்பெனியும் கண்டுபிடிக்கவில்லை. பாட்டில் மட்டும் அவர்களுடையது.

இன்னும் பின்னால் போனால் விஷயம் மாறுகிறது. சங்கப் பாட்டில் பெண்ணின் அழகு நிறத்துக்கு 'மாமை' என்று பெயர். மாந்தளிர் நிறம் என்று உரையாசிரியர்கள் சொல்கிறார்கள். மாமரம் துளிர்விடும்போது பார்த்திருப்பீர்கள்: தாமிரமும் பழுப்பும் சிவப்பும் கலந்த பளபளப்பு. அந்த மாமை போய் முகம் வெளிறினால் அதற்குப் பெயர் பசலை. பீர்க்கம்பூ மாதிரி வெளிர் மஞ்சள். குறுந்தொகையில் வெள்ளிவீதியார் என்ற பெண் கவிஞர், கன்றும் குடிக்காமல் கலத்திலும் விழாமல் மண்ணில் கொட்டிப்போன பசும்பால் மாதிரி, தனக்கும் உதவாமல் தலைவனுக்கும் உதவாமல் தன் மாமையைப் பசலை தின்னப் பார்க்கிறது என்று அழுகிறார். அவருக்கு வெளுப்பது வியாதி. நாம் அந்த வியாதியை ட்யூபில் அடைத்துக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

மறுநாளே தோல் டாக்டரிடம் போனோம். அந்த அம்மாள் ட்யூபைப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு வாரம் என்றதும் அவர் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. நிறுத்தச் சொன்னார், ஒரு சாதாரண மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் எழுதிக்கொடுத்தார், பத்து நாள் கழித்து வரச் சொன்னார். வெளியே வந்ததும் பெண் அழுதாள். ட்யூபுக்காக இல்லை. கல்யாண வீட்டுத் தரப்பில் யாரோ ஒரு பெரியம்மா, நிச்சயதார்த்த ஃபோட்டோவைப் பார்த்துவிட்டு, "மாப்ள பக்கத்துல பொண்ணு கொஞ்சம் டல்லடிக்குதே" என்றாளாம். இந்த பதினொரு பாட்டில்களுக்கும் ஒரு ட்யூபுக்கும் கதை வசனம் எழுதியது அந்த ஒரு வரி. எனக்கு விமரிசனம் செய்யத் தெரியும். அந்தப் பெரியம்மாவை என்ன செய்வது என்று தெரியவில்லை.

திரும்பும் வழியில் ஒரு கடையில் ஏறினோம். பெண் இந்த முறை வெள்ளை கலந்த டப்பாக்கள் பக்கமே போகவில்லை. செங்கல்லும் தாமிரமுமாக ஒரு ப்ளஷ்ஷைப் புறங்கையில் இழுத்துப் பார்த்தாள். கடைப் பெண் அதற்கு ஏதோ இத்தாலியப் பெயர் சொன்னாள். சாம்பல் இல்லை. ஓடி வந்தவள் முகம் மாதிரி உயிரோடு இருந்தது.

வீட்டில் அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் புறங்கையைப் பார்த்தாள். "இது மாந்துளிர் கலர்டா. அம்மாவோட கூறைப்புடவை இந்தக் கலர்தான். பெட்டியில இருக்கு" என்றாள். உடனே எடுத்தும் வந்தாள். நாஃப்தலின் வாசனையோடு அதைப் பெண்ணின் தோளில் போட்டுப் பார்த்தார்கள். முகூர்த்தத்துக்கு இல்லாவிட்டாலும் ரிசப்ஷனுக்கு அதையே கட்டலாமா என்று பேச்சு நடக்கிறது. ஜரிகை சில இடத்தில் விட்டிருக்கிறது.

பீச் லோஷன் வீணாகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனபோது அக்கா டி.வி. முன்னால் உட்கார்ந்து அதைக் குதிகாலில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வெடிப்புக்கு நல்லாக் கேக்குதுடா. ஆனா ஒண்ணு, எறும்பு வருது."